நூறு கிராமுக்கு எத்தனை கலோரி?

சின்ன நாய் வளர்ப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "எந்த பிராண்டு ட்ரை ஃபுட் நல்லது?" என்றுதான். பதில் சொல்லும் முன் நான் இரண்டு கேள்வி கேட்பேன். உங்கள் நாய் எத்தனை கிலோ? ஒரு நாளைக்கு எத்தனை கிராம் போடுகிறீர்கள்? முதலாவதற்குப் பதில் உடனே வரும். இரண்டாவதற்கு "ஒரு கப்", "ரெண்டு கைப்பிடி", "கிண்ணம் காலியானா போடுவோம்" என்பார்கள். 4 கிலோ நாய்க்கு பிராண்டை விட அந்த இரண்டாவது கேள்விதான் முக்கியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஏன் என்று விளக்கமாகவே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் மிளகு என்ற பொமரேனியன் இருக்கிறாள். அவளைத் தவிர, வெளியூர் போகிறவர்கள் விட்டுச் செல்லும் நாய்களும் இங்கே தங்கும். 10 கிலோவுக்கு மேல் உள்ள நாய்களை நான் எடுத்துக்கொள்வதில்லை. வீடு அவ்வளவு பெரியதில்லை. அதனால் பக், ஷிட்சு, யார்க்‌ஷயர் டெரியர், சிவாவா, டேக்ஸ்ஹண்ட் என்று சின்ன உடம்புக்காரர்களோடுதான் என் நாள் ஓடுகிறது. ஒவ்வொருவரும் அவரவர் பாக்கெட்டோடு வருவார்கள். சமையலறை அலமாரியில் ஒரே சமயத்தில் நாலைந்து பிராண்டுகள் வரிசையாக நிற்கும். அவற்றின் முன்பக்கப் படங்களை நான் பார்ப்பதே இல்லை. பின்பக்கத்துச் சின்ன எழுத்தைத்தான் படிப்பேன்.

முதலில், சின்ன நாய்க்கு எது வேறுபடுகிறது என்று பார்ப்போம். சும்மா படுத்திருக்கும் நாய்க்கும் மூச்சு விட, இதயம் துடிக்க, உடம்புச் சூட்டைக் காக்க சக்தி வேண்டும். 30 கிலோ லாப்ரடாருக்கு அது ஏறக்குறைய 900 கலோரி, அதாவது கிலோவுக்கு 30. 3 கிலோ நாய்க்கு 160 கலோரிதான். ஆனால் கிலோவுக்குக் கணக்குப் போட்டால் 53 வருகிறது. உடம்பு சிறுக்கச் சிறுக்க, எடையோடு ஒப்பிடும்போது தோலின் பரப்பு கூடும். சூடு சீக்கிரம் வெளியேறும். ஆக, சின்ன நாய்க்கு கிலோவுக்குத் தேவை அதிகம், வயிறோ சிறியது. சின்ன இனங்களுக்கென்று விற்கும் உணவில் கொழுப்பும் கலோரியும் கொஞ்சம் கூடுதலாக இருப்பது இதனால்தான். இதிலேயே ஆபத்தும் இருக்கிறது. மொத்தத் தேவை இருநூறு முந்நூறு கலோரிதான் என்னும்போது, கை கொஞ்சம் தாராளமாகப் போனாலும் அது பெரிய பங்காகிவிடும்.

உங்கள் நாயின் தேவையைப் போனில் இருக்கும் கால்குலேட்டரிலேயே கண்டுபிடிக்கலாம். கால்நடை மருத்துவர்கள் பயன்படுத்தும் அதே சூத்திரம்தான். எடையை அதனாலேயே இரண்டு முறை பெருக்குங்கள். 4 கிலோ என்றால் 4 பெருக்கல் 4 பெருக்கல் 4, அதாவது 64. அதற்கு வர்க்கமூலம் எடுங்கள், 8. மறுபடி ஒரு வர்க்கமூலம், 2.83. அதை 70-ஆல் பெருக்கினால் 198. இது ஓய்வில் இருக்கும்போது தேவைப்படுவது. கருத்தடை செய்த, வீட்டுக்குள் வளரும், வளர்ந்து முடிந்த நாய் என்றால் இதை 1.6-ஆல் பெருக்க வேண்டும். கருத்தடை செய்யாததற்கு 1.8. நாலு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு 3 மடங்கு, அதற்குப் பிறகு வளர்ந்து முடியும்வரை 2 மடங்கு. மிளகு 4 கிலோ, கருத்தடை ஆனவள். அவளுக்கு ஒரு நாளைக்கு 317 கலோரி. இது ஆரம்பப் புள்ளிதான். ஒரே எடையுள்ள இரண்டு நாய்களுக்குள் கூடக் கணிசமான வித்தியாசம் இருக்கும். ஆனாலும் "ஒரு கப்" என்பதை விட நல்ல ஆரம்பம்.

இப்போது பாக்கெட்டைத் திருப்புங்கள். 100 கிராமுக்கு அல்லது ஒரு கிலோவுக்கு எத்தனை கிலோகலோரி என்று எழுதியிருக்கும். பேச்சு வழக்கில் கலோரி என்று சொல்வது அதைத்தான். என் அலமாரியில் 100 கிராமுக்கு 350 உள்ளதும் நின்றிருக்கிறது, 420 உள்ளதும் நின்றிருக்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒரே பழுப்பு நிறத் துண்டுகள்தான். மிளகுக்கு முதலாவதில் 90 கிராம் தேவை. இரண்டாவதில் 75 கிராம் போதும். பிராண்டை மாற்றிவிட்டு அதே 90 கிராமைத் தொடர்ந்து போட்டால் தினமும் 60 கலோரி கூடுதலாகப் போகும், அவளுடைய மொத்தத் தேவையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. "உணவை மாத்தினதிலிருந்து குண்டாயிட்டான், இந்தக் கம்பெனி உணவு சரியில்ல" என்று ஒருவர் வருத்தப்படும்போதெல்லாம் நான் முதலில் இந்த எண்ணைத்தான் தேடுவேன்.

சில பாக்கெட்டுகளில் கலோரியே போட்டிருக்காது. அப்போது கணக்குப் போட்டுக்கொள்ளலாம். புரதம் 26, கொழுப்பு 15, நார் 3, ஈரம் 10, சாம்பல் (அதாவது தாது உப்புகள்) 7 சதவீதம் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். இவற்றைக் கூட்டி நூறிலிருந்து கழித்தால் 39. அதுதான் மாவுச்சத்து. பெரும்பாலான பாக்கெட்டுகளில் அதைத் தனியாக எழுதுவதில்லை. புரதத்தையும் மாவுச்சத்தையும் 3.5-ஆல், கொழுப்பை 8.5-ஆல் பெருக்கிக் கூட்டினால் 355 வரும். பாக்கெட்டில் இருப்பவை குறைந்தபட்ச, அதிகபட்ச அளவுகள் என்பதால் இது தோராயம்தான். தேவைக்கு இது போதும். இந்தக் கணக்கு கூடப் போட முடியாத அளவுக்கு விவரம் குறைவாக இருந்தால், அந்தப் பாக்கெட்டை நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

கணக்கு சரி, அளப்பது எப்படி? தராசில். கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் சமையல் தராசு ஒன்று போதும். 2019-ல் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாய் வளர்ப்பவர்களிடம் அளவுக் கப்களைக் கொடுத்து ட்ரை ஃபுட் அளக்கச் சொன்னார்கள். சிலர் எடுத்தது சரியான அளவில் பாதி. சிலர் எடுத்தது இரண்டரை மடங்கு. அளவு சிறியதாக ஆக ஆகப் பிழையும் கூடியது. சின்ன அளவு யாருக்கு? நம் வீட்டு நாய்களுக்குத்தான். 400 கிராம் சாப்பிடும் நாய்க்கு 15 கிராம் ஏறினால் ஒன்றும் தெரியாது. 75 கிராம் சாப்பிடுகிறவளுக்கு அது 20 சதவீதம்.

காலையில் அன்றைய முழு அளவையும் எடைபோட்டு ஒரு டப்பாவில் போட்டு வைப்பேன். டப்பா மேல் பெயர் ஒட்டியிருக்கும். இரண்டு வேளைச் சாப்பாடும் அதிலிருந்துதான். பழக்கும்போது கொடுக்கும் துண்டுகளும் அதிலிருந்துதான். என் அம்மாவுக்கு நாய்களுக்குக் கையால் ஊட்டுவதில் அப்படி ஒரு சந்தோஷம். அதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனமில்லை. "அந்த டப்பாவிலிருந்து எடுத்துக் கொடும்மா" என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். நாய்க்கு அம்மா கையிலிருந்து வருவதுதான் பெரிது. அதே உணவுதானா என்று அது யோசிப்பதில்லை.

ட்ரீட்ஸ் விஷயத்தில் மருத்துவர்கள் சொல்லும் வரம்பு, அன்றைய கலோரியில் பத்தில் ஒரு பங்கு. மிளகுக்கு அது 32 கலோரிதான். மெல்லும் குச்சிகள் சிலவற்றில் ஒன்றே அதைத் தாண்டிவிடும். 50 துண்டு ட்ரை ஃபுட்டைத் தராசில் போட்டு 50-ஆல் வகுத்துப் பாருங்கள், ஒரு துண்டின் எடை தெரியும். 0.3 கிராம் என்று வந்தால் அது சுமார் ஒரு கலோரி. அன்றைய டப்பாவிலிருந்து எடுத்தால் முப்பது தடவை 'நல்ல பொண்ணு' சொல்லி முப்பது துண்டு கொடுத்தாலும் எடை ஏறாது. ஒரு தடவை கொடுப்பதும் முப்பது தடவை கொடுப்பதும் நாய்க்கு ஒன்றா என்ன!

போடும் அளவு சரியா என்று நாயின் உடம்பே சொல்லும். பொமரேனியன், ஷிட்சு போன்ற முடி அடர்ந்த நாய்களைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது. தொட்டுப் பார்க்க வேண்டும். உங்கள் கையை விரித்துக் கவிழ்த்து வைத்து, புறங்கையில் விரல் எலும்புகளை மற்றொரு கையால் தடவுங்கள். விலா எலும்புகள் அந்த மாதிரித் தட்டுப்பட்டால் சரியான எடை. கையை முஷ்டியாக மடக்கினால் துருத்தும் கணு மாதிரி இருந்தால் மெலிவு. உள்ளங்கைச் சதையைத் தடவுவது போல இருந்தால் கூடுதல் எடை. மருத்துவமனையில் 9 புள்ளி அளவு ஒன்று வைத்திருப்பார்கள். அதில் 4, 5 தான் நல்ல நிலை. ஐந்துக்கு மேல் ஒவ்வொரு புள்ளியும் ஏறக்குறைய 10 முதல் 15 சதவீதம் கூடுதல் எடை என்று கொள்ளலாம். எடை பார்க்க, நாயைத் தூக்கிக்கொண்டு நம் எடை மெஷினில் ஏறி நம் எடையைக் கழிக்கும் முறை சின்ன நாய்க்கு உதவாது. மெஷின் அரைக் கிலோ முன்பின் காட்டினால் அதுவே 4 கிலோவில் எட்டில் ஒரு பங்கு. குழந்தைகளுக்கான தராசு நல்லது; மருத்துவமனைத் தராசு இன்னும் நல்லது.

எடை விஷயத்தில் நான் இவ்வளவு கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் அழகு இல்லை. சின்ன இனங்களில் முழங்கால் சில்லு விலகுவது சகஜம். மூச்சுக்குழாய் தளர்ந்து, வாத்து கத்துவது போல் இருமும் பிரச்சினையும் பொமரேனியன், யார்க்‌ஷயர் போன்றவற்றில் வரும். டேக்ஸ்ஹண்டுக்கு முதுகுத்தண்டு. இந்த மூன்றையும் கூடுதல் எடை மோசமாக்கும். 48 லாப்ரடார்களை வைத்து 14 ஆண்டுகள் நடத்திய ஆய்வு ஒன்று 2002-ல் வெளியானது. இரண்டிரண்டாக ஜோடி சேர்த்து, ஜோடியில் ஒன்றைவிட மற்றதற்கு 25 சதவீதம் குறைவாகக் கொடுத்து வளர்த்தார்கள். குறைவாகச் சாப்பிட்டவற்றின் சராசரி ஆயுள் 13 ஆண்டுகள், மற்றவற்றுக்கு 11.2. அது பெரிய இனம்தான். ஆனாலும் கிட்டத்தட்ட இரண்டு வருடம் என்பது எந்த நாய்க்கும், அதை நேசிக்கிறவர்களுக்கும் சின்ன விஷயமா?

அப்புறம் பாக்கெட்டில் வேறு என்ன பார்ப்பது? நான் தேடும் முதல் வரி, இது 'முழுமையான, சமச்சீரான' உணவா, எந்த வயதுக்கு என்பது. துணை உணவு என்று போட்டிருந்தால் அதை மட்டுமே போட்டு நாய் வளர்க்கக் கூடாது. பல நாடுகளில் அமெரிக்காவின் ஆஃப்கோ, ஐரோப்பாவின் ஃபெடியாஃப் என்ற அமைப்புகளின் அளவுகோல்களைத்தான் பின்பற்றுகிறார்கள். ஆஃப்கோ கணக்கில் வளர்ந்த நாய்க்குக் குறைந்தது 18 சதவீதம் புரதம், 5.5 சதவீதம் கொழுப்பு வேண்டும். குட்டிக்கும் கர்ப்பமான, பால் கொடுக்கும் நாய்க்கும் 22.5, 8.5. ஈரத்தை நீக்கிவிட்டுப் போடும் கணக்கு இது. சின்ன இனங்கள் பெரும்பாலும் 10, 12 மாதத்தில் வளர்ந்து முடிந்துவிடும். அதுவரை பப்பி உணவு, பிறகு வளர்ந்த நாய்க்கான உணவு.

உட்பொருள் பட்டியலை எல்லோரும் பார்க்கிறார்கள். முதலில் 'சிக்கன்' என்று இருந்தால் திருப்தி. ஆனால் அந்தப் பட்டியல், தயாரிப்பதற்கு முன் இருந்த எடையின் வரிசையில் போடப்படுவது. பச்சைக் கோழி இறைச்சியில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர்தான். தண்ணீர் போன பிறகு அது பட்டியலில் கீழே இறங்கிவிடும். 'சிக்கன் மீல்' என்பது ஏற்கெனவே வற்றவைத்து அரைத்த தூள். அதில் புரதம் செறிவாக இருக்கும். 'மீல்' என்று படித்ததும் முகம் சுளிக்க வேண்டியதில்லை. ஈரல், நுரையீரல், சிறுநீரகம் போன்ற உள்ளுறுப்புகள் 'துணைப் பொருள்' என்று வரும். நாய்க்கு அவை சத்தான உணவு. இன்னொரு பக்கம், சோளம், சோளப் புரதம், சோள மாவு என்று ஒன்றையே மூன்றாகப் பிரித்து எழுதினால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே போய்விடும், கூட்டினால் கோழியைத் தாண்டும். 'பிரீமியம்', 'ஹோலிஸ்டிக்' போன்ற சொற்களுக்கு ஆஃப்கோ விதிகளில் எந்த வரையறையும் கிடையாது. விளம்பரத்துக்காகப் போடுவது.

தானியம் இல்லாத உணவு வேண்டுமா என்று கேட்பார்கள். அலர்ஜி என்று மருத்துவர் சொல்லாதவரை வேண்டாம் என்பது என் பதில். நாய் ஓநாயிலிருந்து வந்தது உண்மை. ஆனால் மனிதரோடு சேர்ந்து வாழ்ந்ததில் மாவுச்சத்தைச் செரிக்கும் நொதிக்கான மரபணு நாய்களில் பல பிரதிகளாகப் பெருகியிருக்கிறது என்று 2013-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2018 ஜூலையில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், பட்டாணி, பருப்பு வகைகள் அதிகமுள்ள சில உணவுகளுக்கும் நாய்களின் இதயத் தசை நோய்க்கும் தொடர்பு இருக்குமா என்று விசாரிப்பதாக அறிவித்தது. அவைதான் காரணம் என்று நிரூபணம் ஆகவில்லை. எந்தப் பலனும் இல்லாத இடத்தில் அந்தச் சந்தேகத்தையும் ஏன் சுமக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

'சின்ன இனங்களுக்கு' என்று அச்சடித்த பாக்கெட்தான் வாங்க வேண்டுமா என்றால், கட்டாயமில்லை. துண்டின் அளவும் கலோரியும் பொருந்தினால் எல்லா இனத்துக்குமான உணவும் நன்றாகவே ஒத்துப்போகும். ஆனால் துண்டின் அளவை அலட்சியப்படுத்தாதீர்கள். 2 கிலோ சிவாவாவின் வாய்க்குள் பெரிய துண்டு போனால் ஒன்று கக்கிவிடும், இல்லை கடிக்காமல் விழுங்கப் பார்க்கும். இங்கே அடிக்கடி தங்கும் பக் ஒருவனுக்கு நேர்மாறான சிக்கல். முகம் தட்டையானதால் துண்டுகளைப் பல்லால் எடுக்க முடியாமல் நாக்கால் வழித்து எடுப்பான். துண்டு மிகச் சிறியதாக இருந்தால் மூச்சு விடாமல் உள்ளே தள்ளிவிட்டு இருமுவான். அவனுக்கு விளிம்பு தாழ்ந்த அகலமான தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பிப் போடுவேன். துண்டுக்குத் துண்டு நகர வேண்டியிருப்பதால் வேகம் தானாகக் குறையும்.

சாப்பிடவே மாட்டேன் என்று முகம் திருப்பும் நாய்கள்தான் உரிமையாளர்களை அதிகம் அழவைக்கின்றன. யார்க்‌ஷயர் ஒருத்தி வருவாள். வீட்டில் தினமும் அவளுக்காக மேலே ஏதாவது ஊற்றிக் கொடுப்பார்கள். மூன்று நாளில் அதுவும் அலுத்துவிடும். இங்கே வந்தால் நான் செய்வது எளிது. ட்ரீட்ஸ் எல்லாவற்றையும் நிறுத்துவேன். வேளைக்குக் கிண்ணத்தை வைப்பேன், பதினைந்து நிமிடம் காத்திருப்பேன், மீதியிருந்தால் எடுத்துவிடுவேன். அடுத்த வேளைக்கு அதே அளவுதான், புதிதாக. தேவைப்பட்டால் ஒரு கரண்டி வெதுவெதுப்பான நீர் தெளிப்பேன். துண்டுகளை வேகவைத்து உலர்த்திய பிறகு கடைசியாகத்தான் கொழுப்பையும் மணத்தையும் மேலே பூசுகிறார்கள். சூடு பட்டால் அந்த வாசனை எழும்பும். ஆரோக்கியமான, வளர்ந்த நாய்க்கு இது போதும். ஆனால் எப்போதும் நன்றாகச் சாப்பிடும் நாய் திடீரென்று ஒரு நாள் முழுக்கத் தொடாமல் இருந்தால், அல்லது கூடவே வாந்தியோ சோர்வோ இருந்தால் அது அடமில்லை. மருத்துவரிடம் போக வேண்டும்.

இந்தப் பதினைந்து நிமிட விதியைக் குட்டிகளிடம் காட்டவே கூடாது. சிவாவா, யார்க்‌ஷயர், பொமரேனியன் போன்ற மிகச் சின்ன இனக் குட்டிகளுக்குக் கல்லீரலில் சர்க்கரைச் சேமிப்பு மிகக் குறைவு. சில மணி நேரம் பட்டினி கிடந்தாலே ரத்தச் சர்க்கரை இறங்கிவிடும். முதலில் மந்தமாகும், நடை தள்ளாடும், உடம்பு நடுங்கும். விட்டால் வலிப்பு வரை போகும். அந்த வயதில் ஒரு நாளைக்கு நாலு வேளையாவது போட வேண்டும், ராத்திரி தூங்கும் முன் ஒரு வேளை உட்பட. தள்ளாடுவதைப் பார்த்தால் கொஞ்சம் தேனையோ சர்க்கரைக் கரைசலையோ ஈறில் தடவிவிட்டு நேராக மருத்துவமனைக்கு ஓடுங்கள். மயங்கிக் கிடக்கும் குட்டியின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். வளர்ந்த பிறகு இரண்டு வேளை போதும். காலையில் வெறும் வயிற்றில் மஞ்சள் நுரையாக வாந்தி எடுக்கும் சின்ன நாய்கள் சில உண்டு. அன்றைய அளவிலிருந்தே ஒரு பிடியை இரவு படுக்கும் முன் கொடுத்தால் பலவற்றுக்கு அது நின்றுவிடுகிறது. நிற்காவிட்டால் காட்ட வேண்டும்.

ட்ரை ஃபுட் பல்லைச் சுத்தம் செய்யும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. சாதாரணத் துண்டு பல் நுனி பட்டதும் நொறுங்கிவிடும். ஈறு ஓரத்து அழுக்கை அது தொடுவதே இல்லை. பெரிய நாய்க்கும் சின்ன நாய்க்கும் பல் 42 தான். அத்தனையும் சின்னத் தாடைக்குள் நெருக்கியடித்து நிற்பதால் சின்ன இனங்களில் ஈறு நோய் அதிகம். பல்லுக்கென்றே தயாரிக்கும் உணவில் துண்டு பெரிதாக, நார் அமைப்போடு இருக்கும்; பல் உள்ளே இறங்கிய பிறகுதான் உடையும். வி.ஓ.ஹெச்.சி. என்ற கால்நடைப் பல் நல அமைப்பின் முத்திரை இருந்தால் அதற்குச் சோதனை நடந்திருக்கிறது என்று நம்பலாம். இருந்தாலும் நாய்க்கான பேஸ்ட் வைத்துத் தினமும் தேய்ப்பதற்கு ஈடு எதுவுமில்லை.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ட்ரை ஃபுட்டில் ஈரம் 10 சதவீதம்தான். நாய்க்கு ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 50, 60 மில்லி தண்ணீர் வேண்டும். ஷிட்சு, மினியேச்சர் ஷ்னாசர், யார்க்‌ஷயர், பிஷான் ஆகியவற்றுக்குச் சிறுநீர்ப்பையில் கல் வரும் வாய்ப்பு அதிகம். இந்த நாய்கள் வந்தால் நான் கேட்காமலே உணவில் தண்ணீர் சேர்த்துவிடுவேன். ஊறிய உணவை அரை மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்க மாட்டேன். ஷ்னாசருக்கு ரத்தத்தில் கொழுப்பு ஏறும் சுபாவமும், கணைய அழற்சி வரும் வாய்ப்பும் உண்டு. அதற்கு உணவு தேர்ந்தெடுக்கும்போது கலோரிக்கு முன் கொழுப்புச் சதவீதத்தைப் பாருங்கள். தட்டில் மிஞ்சிய கொழுப்பான எதையும் கொடுக்காதீர்கள்.

உணவை மாற்றுவதாக இருந்தால் ஒரு வாரம் முதல் பத்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் கால் பங்கு புதியது, பிறகு பாதி, பிறகு முக்கால். மலம் இளகினால் அந்தப் படியிலேயே நில்லுங்கள். "நீங்க பார்த்துக்கிற சமயத்துல அப்படியே புது உணவுக்கு மாத்திடுங்க" என்று சிலர் கேட்பார்கள். முடியாது என்று சொல்லிவிடுவேன். வீடு மாறிய பதற்றமே வயிற்றைக் கலக்கும், அதோடு உணவையும் மாற்றினால் எதனால் பேதி என்றே தெரியாமல் போகும்.

வாங்கும் பாக்கெட்டின் அளவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சின்ன நாய்க்கு இது பெரிய விஷயம். பெரிய பாக்கெட் கிலோவுக்கு மலிவு என்று 10 கிலோ வாங்குகிறார்கள். தினமும் 80 கிராம் சாப்பிடும் நாய் அதை முடிக்க நாலு மாதம் ஆகும். பாக்கெட்டைப் பிரித்த நாளிலிருந்து மேலே பூசிய கொழுப்பு காற்றுபட்டு மெல்ல மெல்லச் சிக்கெடுக்கிறது, வைட்டமின்களும் குறைகின்றன. பிரித்ததை ஆறு வாரத்துக்குள் முடிப்பது நல்லது. நம் கணக்கில் அது 3 கிலோ பாக்கெட், கொஞ்சம் கூடினாலும் சரி. இன்னொன்று, அதை டப்பாவில் கொட்டாதீர்கள். பாக்கெட்டையே மடித்துக் கட்டி டப்பாவுக்குள் வையுங்கள். டப்பாவின் உள்சுவரில் ஒட்டும் பழைய எண்ணெய் புது உணவையும் கெடுக்கும். தயாரிப்பு எண்ணும் காலாவதித் தேதியும் பாக்கெட்டில்தானே இருக்கின்றன, நாய்க்கு ஏதாவது ஆனால் முதலில் தேவைப்படுவது அவைதான். பாக்கெட்டைப் பிரித்த தேதியை மார்க்கர் பேனாவால் அதன் மேலேயே எழுதிவிடுவேன். முகர்ந்து பார்த்து எண்ணெய்ச் சிக்கு அடித்தால், தேதி மீதம் இருந்தாலும் குப்பைக்குத்தான்.

கடைசியாக வயதானவர்கள். பல் பாதி போன டேக்ஸ்ஹண்ட் தாத்தா ஒருவர் வருவார். 'சீனியர்' என்று அச்சடித்த உணவுக்கு ஆஃப்கோவில் தனி அளவுகோல் இல்லை. ஒரு கம்பெனியின் சீனியர் உணவில் புரதம் கூடுதலாக இருக்கும், இன்னொன்றில் குறைவாக இருக்கும். சிறுநீரகம் நன்றாக இருக்கும் வயதான நாய்க்குத் தசை கரையாமல் இருக்கப் புரதம் தேவை. வயதாகிவிட்டது என்பதற்காக மட்டும் அதைக் குறைக்கக் கூடாது. ரத்தப் பரிசோதனை பார்த்து மருத்துவர் சொன்னால் அதற்கான உணவுக்கு மாறலாம். தாத்தாவுக்கு அவருடைய வழக்கமான உணவையே எடைபோட்டு, அதே எடைக்கு வெதுவெதுப்பான நீர் ஊற்றி, பதினைந்து இருபது நிமிடம் ஊறவிடுவேன். எடை பார்ப்பது ஊறுவதற்கு முன்னால், மறந்துவிடாதீர்கள். ஊறிய பிறகு நிறுத்தால் பாதி தண்ணீர்தான் நிற்கும். கிண்ணத்தைத் தரையிலிருந்து கொஞ்சம் உயர்த்தி, வழுக்காத பாய் மேல் வைக்கிறேன். நாலு காலையும் ஊன்றி நின்று, அவசரமில்லாமல் மொத்தத்தையும் முடித்துவிடுகிறார்.